புகை தெரியாவிட்டாலும் புகைபோக்கி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தகர டிரம், செங்கல், மண் ஆகியவற்றைக் கொண்டு 'ராக்கெட் மாஸ் ஹீட்டர்' எனப்படும் விறகுக் கணப்பை வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உறைபனிக் காலம் நெருங்கும் வேளையில் மலையில் வாழ்கிறவர்களின் குளிரைப் பற்றி ஒரு நாளிதழ் அக்கறையோடு எழுதியது மகிழ்ச்சியளித்தது. ஆனால் அக்கட்டுரையில், இந்தக் கணப்பு புகையின்றி எரிவதால் புகைபோக்கி கட்டாயமில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பி யாரேனும் இதைக் கட்டிவிட்டால், அந்த வீட்டில் இரவு படுத்தவர்கள் காலையில் எழாமல் போகக்கூடும். அதனால்தான், சற்று நீண்டாலும், இக்கடிதத்தைக் குறைக்காமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைக் கனலவிட்டு, அதை அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் இறந்துபோன செய்தியைத் தங்கள் நாளிதழிலேயே பலமுறை படித்திருக்கிறோம். சுற்றுலா வந்தவர்கள், தோட்டத்து வேலைக்காகக் குடும்பத்தோடு வந்து தங்கியவர்கள், இரவுக் காவலர்கள் என்று யாரையும் அது விட்டுவைத்ததில்லை. கரி நன்றாகத் தணலானபின் கண்ணுக்குப் புகை தெரிவதில்லை, மூக்குக்கு நெடியும் ஏறுவதில்லை. புகை இல்லையென்றால் தீங்கும் இல்லை என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. தணலிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடோ ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலியும் குமட்டலும் வரும், பிறகு கை கால் தளரும். ஏற்கெனவே உறங்கிவிட்டவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை.

ராக்கெட் கணப்பைப் பற்றிய கட்டுரை 'புகையில்லை' என்று சொல்லும்போது, கரிச் சட்டியைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அதே தப்பெண்ணத்தைத்தான் இன்னொரு கருவிக்கும் நீட்டிக்கிறது. நன்கு சூடேறி, வாயுவைப் புகைபோக்கி நோக்கி இழுக்கும் இழுவை சீராக இருக்கும் நேரத்தில் இக்கணப்பு உண்மையிலேயே மிகத் தூய்மையாக எரிகிறது. ஆனால் எந்த விறகு நெருப்பும் தொடங்கும்போதும் அடங்கும்போதும் அப்படி எரிவதில்லை. பற்றவைத்த முதல் கால் மணி நேரம் உள்சுவர்கள் குளிர்ந்திருக்கும், வாயு முழுமையாக எரியாது. கடைசியில் சுடர் அவிந்து தணல் மட்டும் மிஞ்சும்போது நிலைமை கரிச் சட்டியின் நிலைமையேதான். ரஷ்யாவின் பெரிய செங்கல் அடுப்புகளில், தணல் முழுவதும் அணையுமுன் வெப்பம் வீணாகக் கூடாதே என்று புகைபோக்கியின் தடுப்பை மூடிவிட்டதால் குடும்பங்கள் மாண்டுபோனது தலைமுறை தலைமுறையாக அங்கே அறியப்பட்ட துயரம். எரிந்த வாயு முழுவதும், முதல் தீக்குச்சி முதல் கடைசித் தணல் வரை, மூடிய பாதையில் சென்று கூரைக்கு மேலே வெளியேற வேண்டும். இதில் எந்த விலக்குக்கும் இடமில்லை.

இதைச் சொல்வதால் நான் இக்கணப்புக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். கோத்தகிரி வட்டாரத்தில் கட்டட வேலை மேற்பார்வையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், சில வீடுகளில் இதைக் கட்டுவித்து, அவை குளிர்காலங்களைத் தாண்டி இயங்குவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கரிச் சட்டியை வீட்டைவிட்டு வெளியேற்ற இதைவிடச் செலவு குறைந்த, நம் கொத்தனார்களின் கைக்கு எட்டிய வேறொரு வழி எனக்குத் தெரியவில்லை. அதனாலேயே இது அரைகுறையாகப் பரவி, ஒரு விபத்தில் பெயர் கெட்டுப்போய்விடக் கூடாது என்று கவலைப்படுகிறேன்.

இக்கணப்பு பிறந்த இடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். அங்குள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களின் தொடக்கத்தில், ஏழை நாடுகளின் சமையலுக்காக, வெப்பம் கசியாத முழங்கை வடிவக் குழாய்க்குள் சிறு சுள்ளிகளை எரிக்கும் ராக்கெட் அடுப்பின் நெறிகளை வகுத்தார். அந்த நெருப்புக்குப் பின்னால் ஒரு டிரம்மையும் நீண்ட மண் திண்ணையையும் சேர்த்து வீட்டை வெதுவெதுப்பாக்கும் கணப்பாக மாற்றியவர், மண் வீடுகள் கட்டுவதில் பெயர்பெற்ற இயான்டோ எவன்ஸ். புகையை நீண்ட பாதையில் நடத்தி, உட்காரும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் சூடாக்கும் எண்ணம் மட்டும் மிகப் பழையது. கொரியாவின் ஓண்டோல் தரையும், வட சீனத்தின் காங் என்னும் படுக்கை மேடையும், ஆஸ்திரியா, ஜெர்மனி நாடுகளின் ஓடு பதித்த கணப்புகளும் அந்த எண்ணத்தின் வடிவங்களே. நம் நாட்டிலேயே காஷ்மீரத்து மசூதிகளிலும் பழைய வீடுகளிலும் கல் தளத்துக்கு அடியில் விறகெரித்து அறையைச் சூடாக்கும் ஹமாம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எவன்ஸ் 1970களில் குவாத்தமாலாவில் உருவாக்குவதில் பங்குகொண்ட லோரேனா என்னும் மண் அடுப்பின் கதையை இங்கே சொல்வது அவசியம், ஏனென்றால் கட்டுரையின் இரண்டாவது பெரும் குறையை அது விளக்குகிறது. தடித்த மண்ணும் மணலும் கொண்டு கட்டப்பட்ட அந்த அடுப்பு விறகை மிச்சப்படுத்தும் என்று எல்லோரும் நம்பினார்கள். பிற்பாடு அளந்து பார்த்தபோது, மூன்று கல் வைத்து எரிக்கும் திறந்த அடுப்பைவிடவும் அது கூடுதல் விறகைத் தின்றது தெரியவந்தது. பானைக்குப் போக வேண்டிய வெப்பத்தைத் தடித்த சுவர் குடித்துவிட்டது. மண் வெப்பத்தைச் சேமிக்கும், தடுத்து நிறுத்தாது. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். நெருப்பு எரியும் இடத்தில் வெப்பம் கசியாமல் தடுக்கும் பொருளும், நெருப்பு எரிந்து முடிந்தபின் வாயு செல்லும் இடத்தில் வெப்பத்தை வாங்கிவைத்துக்கொள்ளும் பொருளும் வேண்டும். இந்த முறையைத் தலைகீழாக்கினால் கணப்பு புகைந்துகொண்டே இருக்கும். தங்கள் கட்டுரை நெருப்பைச் சுற்றிலும் 'நன்றாகக் கனமாக மண் அப்பவும்' என்கிறது. அப்படி அப்பினால் நெருப்பு தன் சூட்டைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, வாயுவை எரிக்கும் அளவுக்குச் சூடேறவே ஏறாது.

கணப்பின் அமைப்பு எளியதுதான். விறகை நிமிர்த்தி வைக்கும் ஒரு வாய், அதன் அடியிலிருந்து கிடையாகச் செல்லும் ஒரு குறுகிய தீப்பாதை, அந்தப் பாதையின் முடிவில் செங்குத்தாக எழும் ஒரு குழாய் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஜே' (J) போன்ற வடிவம் கிடைக்கும். எழுகுழாயின் மேல் 200 லிட்டர் டிரம் ஒன்று கவிழ்க்கப்படுகிறது. விறகின் அடிமுனை மட்டும் எரிய, சுடர் மேலே ஏறாமல் கிடையாக வளைந்து எழுகுழாய்க்குள் பாய்கிறது. அங்கே 1,000 டிகிரி செல்சியஸை நெருங்கும் சூட்டில் மீதமுள்ள வாயுவும் கரித்துகளும் எரிந்துவிடுகின்றன. பிறகு அந்த வாயு டிரம்மின் மூடியில் மோதி, பக்கவாட்டில் இறங்கி, தன் சூட்டில் ஒரு பகுதியை அறைக்குக் கொடுத்துவிட்டு, மண் திண்ணைக்குள் பதித்த குழாய் வழியே மெல்ல நகர்ந்து, கடைசியில் புகைபோக்கியை அடைகிறது. நன்றாக எரியும்போது குழாய்க்குள் ஓர் உறுமல் கேட்கும். ராக்கெட் என்ற பெயர் அந்த ஓசையால் வந்தது.

இதில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நிற்பது அளவுதான், குறிப்பாகக் குறுக்குவெட்டுப் பரப்பு. தொடக்கம் முதல் புகைபோக்கியின் நுனி வரை வாயு செல்லும் வழி எங்கேயும் குறுகக் கூடாது. 8 அங்குல விட்டமுள்ள குழாயைத் தேர்ந்தெடுத்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர அங்குலம். செங்கல்லால் கட்டும் சதுரப் பாதையாயின் 7 அங்குலத்துக்கு 7 அங்குலம் வைத்தால் அதே பரப்பு கிடைத்துவிடும். எழுகுழாயின் உச்சிக்கும் டிரம் மூடிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 8 அங்குலக் குழாயின் சுற்றளவு சுமார் 25 அங்குலம். 2 அங்குலம் இடைவெளி விட்டால் வாயு சுற்றிலும் வெளியேறும் பரப்பு மறுபடியும் 50 சதுர அங்குலமே. அதாவது விட்டத்தில் கால்பங்கு என்பது குறைந்தபட்சம். 6 அங்குலக் குழாய்க்கு ஒன்றரை அங்குலம். சாம்பல் படியும் என்பதால் ஒரு விரற்கடை கூடுதலாக விடுவது நல்லது. உயரங்களைப் பொறுத்தவரை, விறகு வாயை ஒரு பங்கு என்று கொண்டால் தீப்பாதை இரண்டு பங்குக்கு மிகாமலும், எழுகுழாய் குறைந்தது மூன்று பங்காகவும், முடிந்தால் நான்காகவும் இருக்க வேண்டும். எழுகுழாய் குட்டையானால் இழுவை குறையும். விறகு வாய் உயர்ந்தால் அதுவே ஒரு புகைபோக்கியாகி, புகை அறைக்குள் திரும்பிவிடும்.

பரப்பு குறுகிப்போகும் இன்னோர் இடம் டிரம்மின் அடியில், வாயு திண்ணைக் குழாய்க்குள் நுழையும் திருப்பம். எல்லாச் சாம்பலும் வந்து இறங்குவது அங்கேதான். இவ்விடத்தைக் குழாயைவிட ஒன்றரை மடங்காவது அகலமாகக் கட்டி, பக்கத்திலேயே கை நுழையும் அளவுக்குச் சாம்பல் வாரும் கதவு ஒன்றும் வைக்க வேண்டும். திண்ணைக்குள் குழாய் திரும்பும் ஒவ்வொரு முனையிலும் அப்படியொரு கதவு தேவை. தங்கள் கட்டுரையுடன் வெளியான படத்தில் ஒரு கதவுகூட இல்லை. இரண்டு குளிர்காலம் கழிந்தபின் அந்த வீட்டுக்காரர் சாம்பலை எடுக்கத் திண்ணையை உடைக்க வேண்டியிருக்கும், அல்லது அடைபட்ட குழாயோடு வாழ வேண்டியிருக்கும். இரண்டாவது நிலைமை என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது.

எழுகுழாய்க்கு இரும்புக் குழாய் போதும் என்கிறார் கட்டுரையாளர். சாதாரண இரும்பு அந்தச் சூட்டில் தகடு தகடாக உரிந்து, ஓரிரு குளிர்காலத்துக்குள் ஓட்டை விழுந்து உள்ளேயே சரியும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயாயின் கேடு இன்னும் அதிகம்; துத்தநாகம் 419 டிகிரியில் உருகி, மேலும் சூடேறினால் நச்சாவியாகக் கிளம்பும். எழுகுழாயை எடை குறைந்த, துளைகள் நிறைந்த வெப்பத்தடுப்புச் செங்கல்லாலோ, உலைகளில் பயன்படும் செராமிக் ஃபைபர் விரிப்பாலோ, பெர்லைட் என்னும் பொரித்த எரிமலைக் கல் துகளைக் களிமண் கரைசலில் பிசைந்தோ செய்யலாம். கடையில் 'ஃபயர் பிரிக்' என்று கேட்டால் பெரும்பாலும் கனமான, அடர்ந்த கல்லைத்தான் கொடுப்பார்கள். அது சூட்டைத் தாங்கும், ஆனால் தடுக்காது. அதை வாங்கினால் வெளிப்புறத்தில் இரண்டு அங்குலமாவது பெர்லைட்டோ உமிச்சாம்பலோ நிரப்ப வேண்டும். சூடு சேரும் இந்தப் பகுதியில் சிமெண்ட் கலவை கூடவே கூடாது. 400 டிகிரியைத் தாண்டினால் அது பொடிந்து வலுவிழக்கும். களிமண்ணும் சலித்த மணலும் கலந்த மெல்லிய சாந்தே போதும், இணைப்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது.

கட்டத் தொடங்குமுன் வாசலில் செங்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி, டிரம்மைக் கவிழ்த்து, ஒரு முறை எரித்துப் பார்ப்பதை நான் எப்போதும் வற்புறுத்துவேன். காகிதமும் காய்ந்த சுள்ளியும் இட்டுப் பற்றவைத்த சில நிமிடங்களில், விறகு வாயின் ஓரத்தில் புகையும் ஒரு ஊதுபத்தியைப் பிடித்தால் அதன் புகை மேலே போகாமல் சட்டென்று கீழ்நோக்கி வளைந்து உள்ளே இழுக்கப்பட வேண்டும். அப்படி இழுத்தால் அளவு சரி. தயங்கித் தயங்கி மேலே கிளம்பினால் எங்கோ பாதை குறுகியிருக்கிறது, அல்லது செங்கல் சந்துகளில் காற்று நுழைகிறது. நன்றாக எரிந்து ஆறியபின் டிரம்மைத் தூக்கி எழுகுழாயின் உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டும். உட்சுவர் கரியின்றி, புதுச் செங்கல்லைப் போல் வெளிறிக் கிடந்தால் கரித்துகள் முழுவதும் எரிந்துவிட்டது என்று பொருள். கருப்பாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் அந்தக் கணப்பை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. டிரம்மின் பெயிண்டையும் இந்த வெளிச் சோதனையின்போதே முழுவதும் எரித்துச் சுரண்டிவிடலாம். பூச்சிமருந்தோ ரசாயனமோ வந்த டிரம்களை என்ன விலைக்குக் கிடைத்தாலும் தொடாமல் இருப்பதே சரி.

திண்ணையைப் பற்றிக் கட்டுரை சொன்னது சில வரிகளே. இக்கணப்பின் உயிரோ அதில்தான் இருக்கிறது. 10 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள திண்ணையில் 8 அங்குலக் குழாய் போய்த் திரும்பினால் குழாயின் நீளம் 20 அடி. ஒவ்வொரு செங்கோணத் திருப்பமும் 5 அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தரும் என்பது இதைக் கட்டுகிறவர்களின் கைக்கணக்கு; எனவே திரும்பி வரும் இரண்டு முனைகளுக்கும் சேர்த்து 30 அடி என்று கொள்ள வேண்டும். இந்த அளவுக் குழாய்க்கு அதற்குமேல் நீட்ட நான் துணிவதில்லை. குழாயைக் கழித்தபின் எஞ்சும் மண்ணும் கல்லும் ஒன்றரை டன் வரும். அதை 30 டிகிரி சூடேற்ற 10 யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேலான வெப்பம் வேண்டும், அதாவது 2,000 வாட் மின்கணப்பு ஐந்து மணி நேரத்துக்கும் கூடுதலாக ஓடுவதற்குச் சமம். நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம் இருப்பதால், டிரம் நேரடியாக அறைக்கு வீசுவதும் புகைபோக்கியில் போவதும் சேர்த்து ஓர் இரவுக்கு ஐந்தாறு கிலோ விறகு போதும் என்று வைத்துக்கொள்ளலாம். திறந்த கணப்பில் இதைப்போல் பல மடங்கு எரித்தும், முகம் மட்டும் காய முதுகு குளிரில் விறைப்பதை மலைவாசிகள் அறிவார்கள்.

மண்ணுக்குள் வெப்பம் மணிக்கு ஓர் அங்குலம் அளவில் நகரும் என்பதும் ஒரு கைக்கணக்கே. குழாய்க்கு மேல் ஐந்து அங்குலம் மண் இருந்தால், மாலை ஆறு மணிக்கு எரித்து எட்டு மணிக்கு அணைத்த நெருப்பின் வெதுவெதுப்பு நள்ளிரவை ஒட்டி மேற்பரப்புக்கு வந்து விடியும்வரை நிற்கும். தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல் மேல் பனி உறைவது அந்தப் பின்னிரவில்தான். தூங்கும் நேரத்தில் நெருப்பே இல்லாமல் கதகதப்பு மட்டும் இருப்பது, இதைக் கரிச் சட்டிக்கு மாற்றாக நான் பரிந்துரைக்க முதல் காரணம். ஆனால் கற்களுக்கும் மண்ணுக்கும் இடையே காற்று இடுக்கு இருந்தால் வெப்பம் அங்கேயே நின்றுவிடும். களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் காலால் மிதித்துப் பதமாக்கி, ஒவ்வொரு கல்லையும் சேற்றில் முழுகப் பதிக்க வேண்டும். ஈர மண் உலர வாரக்கணக்கில் ஆகும். ஜூன் முதல் நவம்பர் வரை மாறி மாறி மழை பெய்யும் நீலகிரியில் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே கட்டுவதே உகந்தது. கட்டுரையைப் படித்துவிட்டு இந்த டிசம்பருக்குள் கட்டி முடிக்க யாராவது அவசரப்பட்டால், அவர்களுக்குக் கிடைப்பது ஈரச் சுவரும் பூஞ்சைக்காளான் வாடையுமாகத்தான் இருக்கும்.

இனி, நான் இக்கடிதம் எழுதக் காரணமான புகைபோக்கிக்கு வருகிறேன். திண்ணையைச் சுற்றி வந்த வாயு 60 முதல் 90 டிகிரி சூட்டில்தான் வெளியேறும். வெப்பம் வீணாகாமல் வீட்டுக்குள் நின்றதற்கு அது சான்று. அதே காரணத்தால் இழுவை பலவீனமாகவும் இருக்கும். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே சமவெளிக்கு எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பின்பற்றி, சுவரில் ஒரு துளையிட்டுக் குழாயைக் கிடையாக வெளியே நீட்டுவது இங்கே எடுபடாது. எதிர்க்காற்று ஒரு முறை வீசினால் அத்தனை புகையும் விறகு வாய் வழியே அறைக்குள் திரும்பும். குழாய் செங்குத்தாக எழுந்து கூரை முகட்டைத் தாண்டி இரண்டு அடியாவது உயர வேண்டும். வெளிச்சுவர் ஓரமாகப் போனால் குளிர்ந்து இழுவை இன்னும் குறையுமாதலால், இயன்றவரை வீட்டுக்குள்ளேயே ஏறிச் செல்வது நல்லது. திண்ணைக்குப் போகாமல் டிரம்மிலிருந்து நேரே புகைபோக்கிக்கு ஒரு குறுக்குவழியும் அதற்கொரு தடுப்பும் வைத்தால், குளிர்ந்த கணப்பைப் பற்றவைக்கும் முதல் சில நிமிடங்கள் சிரமமின்றிப் போகும். ஆனால் புகைபோக்கியையே முழுவதும் மூடிவிடும் தடுப்பு எதையும் எந்த இடத்திலும் பொருத்தக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ விறகு எரிந்தால் அதிலுள்ள ஹைட்ரஜனிலிருந்து மட்டும் அரை லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவி உண்டாகிறது, ஈர விறகாயின் அதற்கும் மேல். குளிர்ந்த குழாயில் அது நீராக வடிந்து திண்ணைக்குள் இறங்கும். ஆகவே புகைபோக்கியின் அடியில் நீர் சொட்டி வெளியேற ஒரு வடிகால் தேவை. விறகைக் கூரைக்கடியில் ஓராண்டாவது உலர்த்தி, பிளந்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்துச் சீகை மரமும், கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸும் மணிக்கட்டுத் தடிமனில் பிளந்தால் இக்கணப்பில் அருமையாக எரியும்; கவாத்து முடிந்து கிடக்கும் தேயிலை மிலாறு பற்றவைக்க மிகவும் ஏற்றது. இதற்காகப் பச்சை மரத்தை யாரும் வெட்டக் கூடாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் நடப்பில் இருக்கிறது, அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம்.

எடையைப் பற்றியும் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. மேலே சொன்ன திண்ணை தரையில் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் சுமையேற்றும். குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தரக்குறியீடு கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோதான். மரத்தளம் போட்ட பழைய பங்களாக்களிலும் மாடி அறைகளிலும் இதைக் கட்ட நினைப்பது கூடாத காரியம். தரைத்தளத்தில், கெட்டிமண் மேல் கல் பாவிய இடத்தில்தான் கட்ட வேண்டும். மரச்சுவர், திரைச்சீலை, மெத்தை எதுவும் டிரம்முக்கு மூன்று அடிக்குள் வரக் கூடாது, ஏனென்றால் டிரம்மின் மேல்மூடி 300 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் டிரம்மைச் சுற்றி ஒரு கம்பித் தடுப்பு இல்லாமல் நான் கட்டித் தர ஒப்புக்கொண்டதில்லை.

யாருக்கு இது ஏற்றது, யாருக்கு ஏற்காது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஒரே இரவு தங்கிப் போகிறவர்களுக்காகக் கட்டிய விடுதி அறைகளுக்கு இது சற்றும் பொருந்தாது. திண்ணை சூடேறவே பல மணி நேரம் ஆகும், புதிதாக வந்தவருக்கு இதை எரிக்கவும் தெரியாது. அங்கே கரிச் சட்டியை ஒழிக்க விடுதி உரிமையாளர்கள் கூடுதல் கம்பளியும் மின்கணப்பும் தருவதே முறை. தகரக் கூரைக்கு அடியில் உள்கூரை இல்லாத வீடுகளில் முதல் செலவு உள்கூரைக்குத்தான் போக வேண்டும். ஆண்டு முழுவதும் குடியிருக்கும், தரையோடு இருக்கும் சிறு வீடுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். தோட்டத் தொழிலாளர்களின் லயன் எனப்படும் வரிசை வீடுகளில் இடம் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் 6 அங்குலக் குழாயோடு, படுக்கும் மேடையையே திண்ணையாக அமைத்தால், கட்டிலுக்குப் போகும் இடத்தைத்தான் இது எடுத்துக்கொள்ளும். வடக்குச் சீனத்தின் உழவர் குடும்பங்கள் காங் மேடையில் செய்தது இதுவேதான். முதியவர்களும் கைக்குழந்தைகளும் அதிகம் குளிரில் வாடுவது இந்த வீடுகளில் என்பதால், தோட்ட நிர்வாகங்கள் ஒரு வரிசையில் ஒரு வீட்டிலாவது இதை முறையாகக் கட்டிப் பார்க்க முன்வர வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், கணப்பு உள்ள அறையில் மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துவதும், வெளிக்காற்று வர ஒரு சிறு வழியை அடைக்காமல் விடுவதும் தவிர்க்கக் கூடாதவை. கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கருவியின் விலை சொற்பம். கருவியை வாங்க மனமில்லாதவர் கணப்பையும் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. புகைபோக்கி கட்டாயமில்லை என்ற வரிக்கான திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், டிசம்பர் பிறக்குமுன் வெளியிட வேண்டும். அடுத்ததாக, மலை மாவட்டங்களில் உள்ள பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி ஆசிரியர்கள் யாரேனும் முன்வந்தால், அவர்களுடைய மாணவர்கள் ஒரு கணப்பைக் கட்டி, பற்றவைப்பது முதல் தணல் அணைவது வரை அறையின் கார்பன் மோனாக்சைடு அளவையும் திண்ணையின் சூட்டையும் மணிக்கு மணி குறித்து, அந்த அளவீடுகளைத் தங்கள் நாளிதழில் வெளியிட இடம் தர வேண்டும். அதோடு வெளியாகும் வரைபடத்தில் குழாயின் விட்டம், டிரம் மூடிக்குக் கீழேயுள்ள இடைவெளி, சாம்பல் வாரும் கதவுகள், முகட்டுக்கு மேல் புகைபோக்கியின் உயரம் ஆகிய நான்கும் அளவோடு குறிக்கப்பட்டிருக்கட்டும். வரைபடத்தைச் சரிபார்க்க என் உதவி தேவைப்பட்டால் எந்நேரமும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கட்டடப் பணி மேற்பார்வையாளர் (ஓய்வு),
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.